யார் பெயரில் இருக்கிறது?

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் ஒரு கல்வி நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் வேலை பார்த்தேன். 2017-ல் அங்கே ஓப்பன்ஸ்டாக் போட்டோம். 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து ஆரம்பித்த திறமூல மேகக் கணிமை மென்பொருள் அது. பத்து சர்வர்களை ஒன்றாகக் கட்டி, கேட்பவர்களுக்கெல்லாம் மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துக் கொடுக்கும். உரிமக் கட்டணம் இல்லை என்றதும் நிதிப் பிரிவில் உடனே கையெழுத்துக் கிடைத்தது.

அதில் நோவா என்றொரு பகுதி. யாருக்கு எந்தச் சர்வரில் இடம் என்று அதன் ஷெட்யூலர்தான் முடிவு செய்யும். பிளேஸ்மென்ட் என்பது கணக்குப்பிள்ளை. எந்தச் சர்வரில் எத்தனை சிபியு, எவ்வளவு நினைவகம், எவ்வளவு வட்டு, அதில் எதை எந்தக் கணினி பிடித்திருக்கிறது என்று பேரேடு எழுதும். பேரேட்டில் இடம் இருந்தால்தான் ஷெட்யூலர் சரி என்னும்.

ஒரு வருடம் ஓடியது. புதிதாகக் கேட்டவர்களுக்கெல்லாம் 'இடம் இல்லை' என்றே பதில் வர ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால் பாதிச் சர்வர்கள் சும்மா கிடந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. ஓப்பன்ஸ்டாக்கில் ஒரு கணினியை நிறுத்தி வைத்தாலும் அதன் இடம் விடுபடாது. பஸ்ஸில் துண்டு போட்ட சீட் மாதிரி. துண்டு போட்டவர்களில் பலர் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

ஒவ்வொரு கணினியையும் உருவாக்கியவர் யார் என்று பேரேடு சொல்லும். அவர்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு வாரம் காத்திருந்தேன். பதில் வராதவற்றை அழித்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். கூடம் காலியானதில் எனக்குப் பெருமை வேறு.

அடுத்த மாதம் ஒரு ஆய்வு மாணவி வந்தார். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர். அவருடைய கணினியை அவருக்காக உருவாக்கியவர் ஒரு சீனியர். அந்தச் சீனியர் வேலை கிடைத்துப் போய்விட்டார். என் மெயில் அவருக்குத்தான் போயிருக்கிறது. எட்டு மாதக் கணக்கீடுகள் சர்வரின் சொந்த வட்டில் இருந்தன. கணினியோடு அவையும் போயின.

"சார், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நிரல் மட்டும் அவரிடம் நகல் இருந்தது. மறுபடி ஓட்ட நான்கு மாதம் ஆயிற்று. அதற்கு ஒரு சர்வரையே ஒதுக்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

இதில் வேடிக்கை, 'ஷெல்வ்' என்று ஒரு கட்டளை அதிலேயே உண்டு. கணினியை வட்டோடு படிமமாக எடுத்து வைத்துவிட்டு, சர்வரில் அது பிடித்திருந்த இடத்தை மட்டும் விடுவிக்கும். கேட்டால் பிறகு மீட்டுத் தரலாம். நான் படிக்காமல் விட்டது அது. அதன்பின் முதலில் ஷெல்வ், ஆறு மாதம் கழித்துத்தான் அழிப்பு என்று மாற்றினோம். ஒவ்வொரு கணினியின் குறிப்பிலும் அதை உண்மையில் பயன்படுத்துபவரின் பெயரும், எந்தத் தேதி வரை வேண்டும் என்பதும் எழுத வைத்தோம். உருவாக்கியவர் வேறு, உழைப்பவர் வேறு என்பது எந்தப் பேரேட்டுக்கும் தானாகத் தெரியாது.

எங்கள் வீட்டு கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் போய்ப் பதினோரு வருடம். பில் கட்டுவது நான். இந்த வாரமாவது போய்ப் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும்.