எச்சத் தண்ணி

வேடந்தாங்கல் ஏரியிலிருந்து மூன்று மைல் தள்ளி எங்கள் காலனி. கார்த்திகை பொறந்துட்டா ராத்திரியில் கூரைக்கு மேலே சிறகுச் சத்தம் கேட்கும். பகலெல்லாம் ஏரித் தண்ணியில் மிதந்து தூங்குகிற கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் பொழுது சாய்ந்ததும் வயலுக்கும் குட்டைக்கும் மேயக் கிளம்பிவிடும். "சீமைக்காரனுங்க வந்துட்டானுங்கடா" என்பாள் ஆயா. சைபீரியா எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. பறவை வந்தால் ஏரி ரொம்பியிருக்கு, நடவுக் கூலி உண்டு என்கிற கணக்கு மட்டும் தெரியும்.

பறவை எச்சம் கரைந்த தண்ணி வயலுக்கு உரம். அதனால்தான் ஊரார் பறவைகளைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுக் கவுல் எழுதி வாங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் நடந்த இதைச் சொல்லாத சுற்றுலாப் புத்தகம் கிடையாது. நானும் பெருமைப்படத் தயார்தான். ஆனால் ஊரார் என்றால் யார்? காணி இருக்கிறவன் ஊரான். தீவாளிக்கு வெடி வெடிக்காமல் எங்கள் தெருவும்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. எச்சத் தண்ணி பாய எங்களுக்கு ஒரு காணி நிலம் இல்லை. எம்.ஏ. வகுப்பில் மருதத் திணை நடத்தியவர் நாரை, கொக்கு, கெண்டை என்று கருப்பொருளை அடுக்கிவிட்டு, வயலில் நின்ற கடைசியரை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போனது இப்போது ஞாபகம் வருகிறது.

1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரையும் சரணாலயம் என்று அரசு அறிவித்தது. எங்கள் காலனியும் அந்த வட்டத்துக்குள் வந்தது. 2001-ல் எனக்குப் பதினோரு வயசு. பெரியப்பா மகன் வயல் வரப்பில் கண்ணி வைத்து இரண்டு பறவை பிடித்துவிட்டான். பிடிச்சது தப்புதான், சட்டத்திலும் தப்பு. ஆனால் அவனைக் கட்டி வைத்தது சட்டமில்லை. எங்க நைனா ஒரு நிலக்காரர் காலில் விழுந்து இருநூறு ரூபாய் கடன் வாங்கித் தண்டம் கட்டினார். அந்தக் கடனைக் கழிக்க அண்ணனும் பெரியம்மாவும் ஒரு போகம் முழுக்கக் கூலியில்லாமல் அந்த ஆளின் கழனியில் உழைத்தார்கள். பறவை எச்சத் தண்ணி பாய்கிற கழனிதான்.

"மனுஷனுக்கே போக்கிடம் இல்லை, வாத்துக்கு எதுக்குக் கோடிக்கணக்கில் பணம்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. நீர்நிலை செத்தால் முதலில் அணைவது நம்ம அடுப்பு. நத்தை, நண்டு, கெண்டைக் குஞ்சு, பொன்னாங்கண்ணி, வரப்புக் கீரை என்று ஆயாவின் குழம்புச் சட்டிக்குள் வந்ததெல்லாம் காசு கொடுத்து வாங்கினதில்லை. நத்தைகுத்தி நாரை தேடிப்போகிற அதே நத்தையைத்தான் அவளும் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள். நாரைக்கும் அவளுக்கும் சண்டையில்லை. அதனால் 2020-ல் இந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது, கூடாது என்று சொன்னவர்களோடு நாங்களும் நின்றோம்.

1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் போட்ட உடன்படிக்கையின் முழுப்பெயரிலேயே நீர்ப்பறவைகளின் வாழிடம் என்று இருக்கிறது. இந்தியா 1982-ல் அதில் சேர்ந்தது. வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் 2022-ல் அந்தப் பட்டியலில் ஏறின. ஐந்து வருஷத்தில் நூறு ஈரநிலங்களை மீட்க சுமார் 115 கோடி ரூபாயில் ஒரு இயக்கம் என்று தமிழக அரசு சொன்னது. மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு, அதில் மத்திய அரசு அறுபது, மாநிலம் நாற்பது. எல்லாம் பொதுப்பணம். ஆயா வாங்கின தீப்பெட்டியிலும் அதில் ஒரு துளி இருக்கிறது.

பணம் எந்தக் கால்வாயில் ஓடுகிறது என்பதுதான் என் கேள்வி. போன வருஷம் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனோம். கரை, வேலி, பார்வை மாடம், பெயர்ப்பலகை என்று பேசினார்கள். எங்கள் காலனியை ஒட்டிய தாங்கலைப் பற்றி நாங்கள் எழுந்து கேட்டோம். வெங்காயத்தாமரையும் சீமைக்கருவேலும் மூடிக் கிடக்கிறது, ராத்திரியில் வாத்து மேய்கிற இடம் அது, எங்கள் ஆட்களுக்கே கூலி கொடுத்துத் தூர் வாருங்கள், நத்தையும் கீரையும் எடுக்கிற உரிமையை எழுதிக் கொடுங்கள் என்றோம். அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அது லிஸ்ட்ல இல்லியே" என்றார். பின்வரிசையில் இருந்த சித்தி எழுந்து, "வாத்துக்கு லிஸ்ட் தெரியுமா சார்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். மினிட்ஸ் புத்தகத்தில் அது ஏறவில்லை. வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே ஒரு வேடன் இருக்கிறான். கமிட்டியில்தான் அவனுக்கு நாற்காலி இல்லை.

அந்தத் தாங்கலை ஒட்டி நாலு ஏக்கர் பஞ்சமி நிலம் கிடக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வந்த ஆணை அது. 1994-ல் பஞ்சமி நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் குண்டுக்குப் பலியானதும் இதே செங்கல்பட்டு மண்ணில்தான். எங்கள் நாலு ஏக்கரின் பட்டா யார் பேரில் இருக்கிறதென்று ஊருக்கே தெரியும்.

தாங்கலுக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று இரண்டு மனு கொடுத்தோம். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்க முடியாது, இலாகா வேறே என்றார்கள். சர்வே நம்பர் பக்கத்துப் பக்கத்து நம்பர். வருகிற கிராம சபைக்கு இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டு போகிறோம்.