நட்டு கழண்டவர்

அப்பாவின் சைக்கிள் கடையில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. கழற்றிய நட்டு, போல்ட்டு, வாசர் எல்லாம் அதில்தான் விழும். வாரம் ஒருமுறை அதைக் கொட்டிப் பிரித்து வைப்பது சித்தப்பாவின் வேலை. பேப்பரை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்ளே மரை முழுசாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மரை போனதைத் தனியே ஒதுக்கிவிடுவார். அவர் நல்லது என்று எடுத்து வைத்த நட்டு ஒன்றுகூட வழுக்கியதாக எனக்கு நினைவில்லை.

அவரைத்தான் தெரு ‘நட்டு கழண்டவர்’ என்றது.

யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சித்தப்பா சொல்வார். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். தொடர்ந்து மூன்று, நான்கு இரவுகள் தூங்காமல் நடப்பார். “என்னண்ணே, இன்னைக்கு நட்டு டைட்டா இருக்கா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள், காற்றடிக்க வரும் பையன்கள். அப்பாவின் கையிலிருக்கும் ஸ்பேனர் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி திரும்பும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடினேன். இங்கிலீஷில் நட் என்றால் முதலில் கொட்டை. ஓட்டுக்குள் பருப்பு இருக்கிற வகை. அதே பெயரைத்தான் மரை வெட்டிய இரும்புத் துண்டுக்கும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கில் மனிதத் தலைக்கும் அந்தப் பெயர் வந்தது. புத்தி தடுமாறியவரை அவர்கள் ‘நட்ஸ்’ என்பது தலை வழியாக வந்த வழக்கு. அதில் ஸ்பேனருக்கு வேலை இல்லை. நம் ஊரில் பேச்சு பட்டறை வழியாக வந்தது. பெண்டு நிமிர்த்துவதும் பஞ்சர் ஆவதும் வந்த அதே வழி. நட்டு கழண்டது, மரை கழண்டது, ஸ்க்ரூ லூஸ் என்று பேசிப் பேசி, கடைசியில் ஸ்க்ரூவும் உதிர்ந்துபோய் லூசு மட்டும் நின்றுவிட்டது. இங்கிலீஷில் தளர்வைச் சொல்லும் சாதாரணச் சொல், தமிழில் ஒரு முழு மனிதருக்குப் பெயராகிவிட்டது.

பட்டறையில் இருப்பவருக்குக் கழண்ட நட்டு கேலிப்பொருள் இல்லை. போல்ட்டை முடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. பழையபடி சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. மரைகளுக்கு நடுவே இருக்கும் உராய்வு நட்டைத் திரும்பவிடாமல் நிறுத்துகிறது. பக்கவாட்டில் அதிர்ச்சி விழ விழ அந்த உராய்வு தோற்றுப்போகும், நட்டு தானாகவே திரும்பத் தொடங்கும். ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதை ஆய்வு செய்து காட்டினார். நல்ல நட்டும் கழலும். அதனால்தான் லாக் நட்டு இருக்கிறது, ஸ்பிளிட் பின் இருக்கிறது. சைக்கிளின் இடது பெடலுக்கு மரையையே எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்கள், மிதிக்க மிதிக்கக் கழண்டுவிடாதிருக்க. ஓர் இரும்புத் துண்டுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறோம்.

பலம் கொண்ட மட்டும் முடுக்கினாலும் ஆகாது. மரை போய்விடும், இல்லையென்றால் போல்ட்டு முறியும். சித்தப்பாவை அப்படியும் முடுக்கிப் பார்த்தார்கள். பாட்டி கூட்டிக்கொண்டு போன ஓரிடத்தில் வேப்பிலையால் அடித்து, காலில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து அப்பா போய் அழைத்து வந்தார். கணுக்காலைச் சுற்றிக் கறுத்த வளையம் விழுந்திருந்தது. அது கடைசிவரை மறையவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். மறுநாள் பேப்பரைப் படித்த அப்பா அதை மடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார், சித்தப்பா கண்ணில் பட்டுவிடாமல். அந்த வாரமே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஏழெட்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது. கூப்பிடும் குரல் முழுக்க நிற்கவில்லை. “தூரத்துல கேக்குதுடா, பரவாயில்ல” என்பார். டின் அவர் கையைவிட்டுப் போகவே இல்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. வாயில் வரும் சொல்லைச் சட்டத்தால் மட்டும் நிறுத்திவிட முடியாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், லூசு என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.