கோப்பை கழுவியவனும் கோபாயா மொழியும்

மக்மா என்ற பிரெஞ்சு இசைக்குழுவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் கூட வேலைசெய்கிற தம்பி ஒருவர் "அண்ணை, அதை ஆர் வாசிக்கப்போகினம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிரான்சிலேயே மக்மாவைத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனால் என்னிடம் இருக்கிற நாற்பத்துச் சொச்சம் இசைத்தட்டுகளில் பதினொன்று இந்தக் குழுவினுடையவை. மற்றவர்கள் வீடு வாங்கினார்கள், கடை போட்டார்கள். நான் சேர்த்தது இதுதான். ஆகவே எழுதுகிறேன்.

1969 இல் பாரிஸில் கிறிஸ்தியான் வாந்தேர் என்ற டிரம்ஸ்காரர் தொடங்கிய குழு இது. அப்போது அவருக்கு 21 வயது. அவருடைய கடவுள் அமெரிக்க சக்ஸபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேன். 1967 இல் கோல்ட்ரேன் இறந்தபோது வாந்தேர் உடைந்துபோய் இத்தாலிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து தொடங்கியதுதான் மக்மா. புரோகிறெசிவ் ரொக் என்ற பெட்டிக்குள் இவர்களைப் போடுவார்கள். பிங்க் ஃபுளொய்ட், ஜெனசிஸ் எல்லாம் கிடக்கிற அதே பெட்டி. ஆனால் கேட்டால் அவர்களைப்போல இருக்காது. டிரம்ஸும் பேஸும் கீழே இடித்துக்கொண்டிருக்க, மேலே ஒரு கூட்டமே நின்று கோவிலில் பாடுவதுபோலப் பாடும். பாட்டு பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கோபாயன் என்று வாந்தேர் தானே உண்டாக்கிய மொழி. தன் இசைக்குப் பிரெஞ்சு மொழி போதாது என்பது அவருடைய நியாயம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு 2001 இல் நான் பாரிஸுக்கு வந்தபோது எனக்கும் பிரெஞ்சு போதவில்லை. அது வேறு மாதிரியான போதாமை. என்னுடைய கதையை லாச்சப்பலில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் எழுதித்தந்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே வாசிக்கத் தெரியாது. கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது. வேலை கிடைத்தது ஒரு றெஸ்ரோறன்டில், கோப்பை கழுவ. அங்கே நான் வாய் திறந்தால் யாராவது உச்சரிப்பைத் திருத்துவார்கள். அதனால் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அங்கே இருந்த செஃப் ஐம்பது தாண்டிய மனிதர். இரவு பதினொன்றரைக்குச் சாப்பாடு அனுப்பி முடிந்ததும், பழைய கசற் றேடியோ ஒன்றைப் போடுவார். பெரும்பாலும் மக்மாதான். எனக்கு றேடியோ ஒன்றும் புதிதில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கறன்ற் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் இப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. "இது என்ன பாஷை?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒருவருடைய பாஷையும் இல்லை. எனக்கும் விளங்காது" என்றார் செஃப்.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் "எனக்கும் விளங்காது" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு கதையைச் சொன்னார். 1970 இல் வந்த முதலாவது இசைத்தட்டு, இரட்டைத் தட்டு. கெட்டுப்போன பூமியை விட்டு ஒரு கூட்டம் விண்கலம் கட்டிக்கொண்டு புறப்படுகிறது. கோபாயா என்ற கிரகத்தில் குடியேறுகிறது. பிற்காலத்தில் ஆபத்தில் சிக்கிய பூமிக்காரர் சிலரை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். அவர்களோடு கோபாயாக்காரர் சிலர், நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நம்பி, பழைய பூமிக்குத் திரும்பிப் போகிறார்கள். பூமி அவர்களைப் பிடித்துச் சிறையில் போடுகிறது. நான் கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றேன். எங்கள் சனத்தின் கதையை இவர்களுக்கு யார் சொன்னது என்றுதான் யோசித்தேன்.

நான் வாங்கிய முதல் தட்டு 1973 இல் வந்த 'மெக்கானிக் டெஸ்ட்ரக்டீவ் கொமாண்டோ'. திங்கட்கிழமை எங்களுக்கு லீவு. மொந்த்ரேய் பழஞ்சாமான் சந்தை திங்களும் இருக்கும். அங்கே பெட்டி பெட்டியாய்க் குவித்துவைத்திருப்பார்கள். தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்க்கவேண்டும். மேலோட்டமான கீறல் பரவாயில்லை. நகத்தில் தட்டுப்படுகிற கீறல் என்றால் ஊசி துள்ளும். எட்டு யூரோ சொன்னார், ஆறுக்குத் தந்தார். அப்போது என்னிடம் பிளேயர் கிடையாது. நாலு பேர் படுக்கிற அறையில் மூன்று மாதம் அந்தத் தட்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் இடைவிடாமல் போகிற ஒரே இசை அது. ஒரு தீர்க்கதரிசியை எதிர்க்க சனம் அணிவகுத்துப் புறப்படுகிறது. போகப்போக ஒவ்வொருவராக அவன் பக்கம் சாய்கிறார்கள். இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். மக்மாக்காரர் எல்லோரும் கறுப்பு உடுப்பு, கழுத்தில் பறவை நகம் மாதிரி ஒரு சின்னம். பாட்டு ஜேர்மன் மொழியின் சாயலில் கட்டளைபோல ஒலிக்கும். எழுபதுகளிலேயே இதைப் பாசிசச் சாயல் என்று சிலர் குற்றஞ்சாட்டினார்கள். நான் அதைப் பகிடியாகத் தள்ளிவிடமாட்டேன். எங்கள் ஊரில் ஒரே நிற உடுப்பில் வரிசையாக வந்தவர்கள் எவரும் பாட்டுப் பாட வந்ததில்லை. இன்றைக்கும் அந்தத் தட்டின் சில இடங்களில் முதுகு கூசும். கேட்கிறேன், ஆனால் கூச்சத்தோடு கேட்கிறேன். கூச்சம் இல்லாமல் கேட்கிறவர்களைக் கண்டால்தான் பயம்.

2005 மே மாதம் பாரிஸ் எல்லையில் லே லீலாவில் இருக்கிற திரித்தோன் என்ற சின்ன அரங்கில் மக்மா தன் 35 வருட இசையை வரிசையாக வாசித்தது. பிறகு அதைப் படமாகவும் வெளியிட்டார்கள். செஃப் ரிக்கற் எடுத்துத்தந்தார். பக்கத்தில் இருந்த தலைநரைத்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கோபாயனில் கூடப் பாடினார். எனக்கும் மனப்பாடம், நானும் பாடினேன். அந்த மண்டபத்தில் என் உச்சரிப்பைத் திருத்த ஒருவராலும் முடியாது. நாலு வருடத்தில் பாரிஸில் நான் சத்தமாக வாய் திறந்த இடம் அது.

லண்டன்காரருக்கு ஒரு தகவல்: ஆறு தடவை ஸ்னூக்கர் உலக சம்பியனான ஸ்ரீவ் டேவிஸ் மக்மா பைத்தியம். 1988 இல் அவரே முன்நின்று இந்தக் குழுவை லண்டனுக்குக் கூப்பிட்டு வாசிக்கவைத்தார்.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடுகிறாள். பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்து, ராகம் பிசகாமல், வடிவாகப் பாடுவாள். அர்த்தம் கேட்டால் தோளைக் குலுக்குவாள். சனம் கைதட்டுகிறது, தமிழ் வாழ்கிறது என்கிறது. நான் வீட்டுக்கு வந்து மக்மாவைப் போடும்போது யோசிக்கிறேன்: அவளுக்குத் தமிழ் எது? எனக்குக் கோபாயன் எதுவோ அதுதானே?

அர்த்தம் தெரியாமலே ஒரு மொழி மனிதனை உலுக்கும் என்பதை மக்மா எனக்குக் காட்டியது. நான் அதற்குச் சாட்சி. ஆனால் கோபாயனில் இதுவரை ஒருவரும் மீன்காரனோடு பேரம் பேசியதில்லை. பொய் சொல்லி அடி வாங்கியதில்லை. பாட்டு முடிந்தால் அந்த மொழியும் முடிந்தது, அடுத்த தடவை ஊசி வைக்கும்வரைக்கும். வாந்தேருக்கு அது போதும். எங்களுக்கு அது போதாது. பிள்ளைகளை மேடையில் பாடவைக்கிறதைவிட, சமையலறையில் எங்களோடு தமிழில் சண்டை பிடிக்கவைத்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். நேற்று மகள் "அப்பா, சத்தத்தைக் குறையுங்கோ, தலை இடிக்குது" என்று கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். குறைத்தேன்.

கேட்டுப்பார்க்க நினைக்கிறவர்கள் 1975 இல் பாரிஸில் பதிவான இரட்டை நேரலைத் தட்டிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.