பெக்கோ பாதையில் மூன்று நாட்கள்

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது பெக்கோ நடைபாதை. 300 கிலோமீற்றர் அளவு நீளம், 22 பகுதிகள். புதிதாக வெட்டிய பாதையல்ல. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளையே இணைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டிமார் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய பாதைகள்.

ஒரு மாசி மாதத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் கொட்டகலையிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை வழியாக டயகம வரை நடந்தோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தப் பக்கத்தை விடாது நனைக்கும். அதனால் மாசியைத் தேர்ந்தோம். வழியில் ஒதுங்க மலைக் குடில்கள் கிடையாது. ஊருக்குள்தான் வீடோ விடுதியோ பார்க்க வேண்டும். எனவே ஒவ்வோர் இரவுக்கும் இடத்தை முன்பே பேசிவைத்தோம். எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்பதையும் அங்கே சொல்லிவைத்தோம். மலை மறைத்தால் கைப்பேசி வேலை செய்யாது. மாலையில் மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதையும் தெரியாது.

அட்டைக்குப் பயந்து நடையைக் கைவிடாதீர்கள். நனைத்த சவர்க்காரத்தை நீளக் காலுறையின்மேல் தேய்த்தால் போதும். உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கும் மண்சரிவுக்கும்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தோட்டத்தில் விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சப்பாத்து வாங்குவதைவிட இது முக்கியம்.

இரண்டாம் நாள், பொகவந்தலாவைக்குப் போகும் வழியில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை மறித்தார்.

"மேல போகாதீங்க மிஸ். குளவி கலைஞ்சி கெடக்கு."

எங்களில் இளையவள் கைப்பேசியைக் காட்டினாள். "பாதை இதுதானேம்மா?"

"போனுக்குக் குளவி தெரியுமா?"

கீழ் ரோட்டால் போனோம். ஒரு மணித்தியாலம் கூடுதலாயிற்று. ஆனால் அந்த அம்மாவின் அக்கா குளவி கொட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைக் கேட்டபின் யாரும் முணுமுணுக்கவில்லை. குளவி கலைந்தால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். கொட்டுப்பட்டவருக்கு மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை.

எங்களுக்கு இருந்த பெரிய கஷ்டம் வேறு. பெண்கள் ஒதுங்க வழியெல்லாம் ஓர் இடமில்லை. நடைக்கு முன் வெட்கப்படாமல் இதைப் பேசிக்கொள்ளுங்கள். மாதவிலக்குத் துணியும், பாவித்ததைத் திருப்பி எடுத்துவரப் பையும் வேண்டும். அந்த அம்மாவிடமும் கேட்டேன், மலையில் நிற்கும்போது நீங்கள் எங்கே போவீர்கள் என்று.

சிரித்தார். "மலைக்கு வந்தா தண்ணி குடிக்கிறதில்ல மிஸ்."

எங்கள் பைகளில் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் இருந்தது.