மேலூர்க்காரர் கக்கன்

மதுரை மாவட்டத்தில் நெல் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர், இரு போகம். அதற்குக் கீழே மேலூர் பகுதியில் 85,563 ஏக்கர், ஒரு போகம்தான். மேலே இருப்பவர் முதல் போகத்தை அறுக்கும் நேரத்தில், கீழே இருப்பவர் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா என்று அணை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் 1908-ல் பிறந்தவர் கக்கன். அப்பா கிராமக் கோயில் பூசாரி. தாழ்த்தப்பட்ட குடும்பம் என்பதால் ஊருக்குள் நடக்கவும் தண்ணீர் எடுக்கவும் அந்தக் காலத்தில் ஆயிரம் தடைகள். மதுரை வைத்தியநாத ஐயரின் துணையோடு காங்கிரசுக்கு வந்தார், இரவுப் பள்ளி நடத்தினார். 1939 ஜூலை 8-ம் தேதி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஐயர் அழைத்துப்போன சிலரில் கக்கனும் ஒருவர். 1942 போராட்டத்தில் சிறை. பிறகு அரசியல் நிர்ணய சபை, 1952-ல் மதுரையிலிருந்து மக்களவை.

1957-ல் சட்டமன்றத்துக்கு வந்ததும் காமராசர் அவரிடம் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். 1959 ஜனவரியில் வைகை அணை திறக்கப்பட்டபோது அந்தத் துறை அவர் கையில். அணையை அவரே கட்டினார் என்று சிலர் மேடையில் சொல்வது மிகை. வேலை முன்பே தொடங்கிவிட்டது. ஆனாலும் அது சின்ன விஷயமில்லை. அதுவரை மலையைக் குடைந்து வந்த பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் விழுந்து ஓடிவரும், நடுவில் பிடித்துவைக்க இடமில்லை. 71 அடி தேக்கும் அணை வந்தபிறகுதான், இன்ன தேதிக்குத் தண்ணீர் திறப்பு என்று சொல்ல முடிந்தது. நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கிற சம்சாரிக்கு அந்தத் தேதியின் அருமை தெரியும்.

1962-ல் மறுபடி வென்று வேளாண்மைத் துறை அமைச்சரானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் உள்துறை. அங்கேதான் சிக்கல். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. போலீஸ் துறை கக்கனுடையது. ஆட்சியின் முடிவுக்கு அவர் ஒருவரே பொறுப்பில்லை என்றாலும், அந்தப் பழியிலிருந்து அவரை விலக்கிவைத்துப் பேசுவது சரியாகாது. கூடவே அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது வீட்டுக்கு வீடு எட்டியது.

1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரே தோற்றார். மேலூரில் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். சொந்த மண், சொந்த வாய்க்கால், பத்து வருட அமைச்சர் பதவி. ஒன்றும் கைகொடுக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் வேறு கணக்கும் போடுவான். அதில் தப்பு சொல்ல முடியாது.

பதவி போனபோது அவரிடம் சேர்த்துவைத்த சொத்து இல்லை. வாடகை வீடு, டவுன் பஸ். உடம்புக்கு முடியாமல் மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர்., அங்கே கக்கன் இருப்பதைக் கேட்டுப் போய்ப் பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர்தான், ஆனாலும் அவருக்குச் சிகிச்சைக்கும் பிறகு வாழ்வதற்கும் அரசு உதவி கிடைக்க வழி செய்தார்.

1981 டிசம்பர் 23-ல் கக்கன் காலமானார். 1999-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. மேலூர் பக்கம் இப்போதும் ஒரு போகம்தான்.