ஏரிக்கரையும் தார்ச்சாலையும்

ஓட்டம் என்பது கால்களின் தொழிலென்று கருதுவார் பலர். சின்னாள் பழகியோர்க்கு அது பொறுமையின் தொழிலென்பது இனிது விளங்கும். நம் கல்லூரி மலரில் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் தாம் வென்ற கோப்பைகளை எடுத்துரைத்தல் இயல்பே. யாமோ கோப்பை யாதும் பெற்றிலேம். ஆயினும், ஆவடியில் வாழும் மாணவர் மூவராகிய யாம், ஆண்டுதோறும் சனவரித் திங்களில் சென்னையில் நடைபெறும் மாரத்தான் விழாவின் 21.1 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு ஆயத்தஞ்செய்த வரலாறு அன்பர்கட்குச் சிறிது பயன்படுமென எண்ணி இதனை வரையத் துணிந்தோம்.

ஆவடியின் பெயரை அறியாதார் இலர். 1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது இவ்வூரிலேயாம். பின்னர், 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றதும் இங்கேயாம். இவ்விரண்டினும் தொன்மையுடையன இவ்வூரைச் சூழ்ந்த ஏரிகள். அவற்றுள் பருத்திப்பட்டேரி செப்பமுற்று, நடைபாதையுடன் கூடிய பசுமைப் பூங்காவாக 2019-இல் திறக்கப்பெற்றது. விளிஞ்சியம்பாக்கம், அயப்பாக்கம் முதலிய ஏரிகளின் பக்கத்தே மண்ணும் சரளையுமான ஒற்றையடிப் பாதைகள் இன்னும் எஞ்சியுள்ளன. எமக்குப் பயிற்சிக்களமாயின அவையே.

சாலையில் ஓடவேண்டியோர் மண்பாதையை நாடியது என்னை எனின், கூறுதும். எம்முள் ஒருவருடைய தந்தையார் நீரிழிவு நோயால் ஒரு காலை இழந்தவர். "நீ இடையில் நில்லாது ஓடி முடிப்பதை ஒருமுறை நான் காணவேண்டும்" என்று அவர் மகனிடம் சொல்லியிருந்தார். அந்நண்பர் ஆடித் திங்களில் திருவள்ளூர் நெடுஞ்சாலையோரமாக நாள்தோறும் ஓடத் தொடங்கினார். ஐந்து கிழமைகள் கழிந்தபின் அவருடைய முன்னங்கால் எலும்பு நோவெடுத்தது. பரிசோதித்த மருத்துவர், ஆறு கிழமை ஓட்டத்தை அறவே நிறுத்துமாறும், பின்னர் மேடுபள்ளமான மண்தரையிற் சிறிது சிறிதாகத் தொடங்குமாறும் பணித்தார். சனவரிக்குள் கால் தேறுமோ என்னும் ஐயம் எங்கள் மூவரையும் வாட்டியது.

மருத்துவர் விளக்கியது இது: ஓடுவோன் ஒவ்வோரடி வைக்கும்போதும் தன் உடலெடையைப் போல் இருமடங்கு முதல் மும்மடங்கு வரையுள்ள விசையைக் கால் தாங்குகின்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 160 அடியென்றால், ஒரு மணியில் ஒன்பதினாயிரத்தைந்நூறு அடிகளுக்கு மேலாம். இதயமும் நுரையீரலும் சில கிழமைகளில் உரம்பெறும். எலும்பும் தசைநாணும் உரம்பெறப் பல திங்கள் வேண்டும். மூச்சு இடங்கொடுக்கின்றதே என்று காலை விரட்டினால், கால் முறையிடும். மண் மெத்தென்றிருத்தலால் மட்டுமே நலம் என்பதும் முழு உண்மையன்று. தரை மெத்தென்றிருப்பின் கால் தன்னைச் சற்று விறைத்துக்கொள்ளும். தார்ச்சாலையில் அடிகளெல்லாம் ஒரே வார்ப்பாய் ஒரே இடத்தைத் தாக்குகின்றன. மண்பாதையிலோ ஈரடி ஒத்திரா. ஆதலின் பாரம் பல தசைகளுக்கும் பகிரப்படும், கணுக்கால் விழிப்புறும், வேகம் தானே தணியும்.

ஐப்பசியில் மூவரும் கரைமேல் ஏறினோம். அப்போது வடகிழக்குப் பருவமழையும் உடன் வந்தது. களிமண் காலணியிற் பற்றி ஓரடிக்கொரு கல்லாகக் கனத்தது. சீமைக்கருவேல முள் அடித்தோலைத் துளைத்தது. புல் மறைவில் பாம்புண்டோ என்று கண் ஓயாது தேடிற்று. கடிகாரத்தை நோக்குதற்கு அங்கே இடமில்லை. நோயுற்ற நண்பர் முதற் கிழமையில் இருநூறு அடி ஓடி இருநூறு அடி நடந்தார். முன்னே சென்ற யாம் கரைக்கோடியிற் காத்திருந்து, அவர் வந்தபின் ஒருங்கே திரும்பினோம்.

போட்டிக் களத்திற்கு வேறான களத்தில் பயில்வது புதிதன்று. நியூசிலாந்து தேசத்தில் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்றுநர், 800 மீட்டர் ஓடுபவரான பீட்டர் சினெல்லையும் வைட்டக்கரே மலைப்பாதையில் 22 மைல் ஓடச்செய்தார். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் சினெல் பொற்பதக்கம் பெற்றார். நம் நாட்டிலோ, வெறுங்காலோட்டத்தாற் பெயர்பெற்ற படைவீரர் சிவநாத் சிங் 1978-இல் ஜாலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அச்சாதனை நாற்பதாண்டுகட்கு மேலாக முறியாது நின்றது.

நிற்க. மண்ணிலேயே பயின்று சாலையில் வெல்லலாம் என்று யாம் உரைக்கவில்லை. லிடியார்டும் போட்டி நெருங்குங்கால் தம் மாணாக்கரை ஓட்டக்களத்திற்கு இறக்கினார். கால் தான் பட்டதையே கற்கும். ஆகவே மார்கழியில் கிழமைக்கு இருமுறை தார்ச்சாலையிலும், ஏனைய நாட்களில் கரையிலுமாக ஓடினோம். எலும்பு நோவு மீளவில்லை.

சனவரியில் விடியுமுன் தொடங்கிய ஓட்டத்தில் நண்பர் 2 மணி 31 நிமிடத்தில் இடையில் நில்லாது எல்லையடைந்தார். அவர்க்கு முன் முடித்தோர் பல்லோர். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த தந்தையார் மகனைப் பாராட்டவுமில்லை, கண்ணீர் உகுக்கவுமில்லை. "கால் வலிக்கிறதா?" என்று மட்டுமே கேட்டார். "இல்லை அப்பா" என்றார் நண்பர்.

ஊர் பெருகுந்தோறும் இத்தகைய மண்பாதைகள் சுருங்கி வருகின்றன. ஏரிக்கரை நீரைக் காப்பதோடு ஊராரின் கால்களையும் காக்கின்றது. தத்தம் ஊரில் எஞ்சியுள்ள கரையொன்றைக் கண்டறிந்து, வைகறையில் அதன்மேல் மெல்ல ஓடிப் பார்க்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம். நடப்பார் உள்ளவரையே பாதை பாதையாயிருக்கும். அடிபடாத கரையை முள் மூடும்.