தவறை ஒப்புக்கொண்ட விமர்சகர்

பத்திரிகை விமர்சனத்தைப் படித்த பிறகே சினிமாவுக்குப் போவோர் பலர். அந்த விமர்சகரே தவறிவிட்டால்?

1967ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 'பானி அண்ட் கிளைட்' என்னும் படம் நியூயார்க்கில் வெளியாயிற்று. வங்கிக் கொள்ளையர் இருவரின் கதை. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் விமர்சகர் பாஸ்லி குரௌதர் அதைக் கடுமையாகச் சாடினார். 1940 முதல் அப்பொறுப்பில் இருந்தவர். தணிக்கைக் கெடுபிடிகளை எதிர்த்து எழுதி நற்பெயர் பெற்றவர். வாசகர்கள் மறுத்து எழுதியும் அவர் தம் கருத்தைத் தளர்த்தவில்லை.

'நியூஸ்வீக்' வார இதழில் ஜோ மார்கென்ஸ்டெர்னும் முதலில் படத்தைக் கண்டித்தே எழுதினார். ஆனால் சில நாட்களில் மனைவியுடன் தியேட்டருக்குச் சென்று, பொதுமக்கள் நடுவே அமர்ந்து மறுபடியும் பார்த்தார். சூழ இருந்தோர் படத்தோடு ஒன்றிப்போனதைக் கண்டார். அடுத்த இதழிலேயே, தமது முந்தைய விமர்சனம் நியாயமற்றது என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்.

அப்படம் 10 ஆஸ்கார் பரிந்துரைகளும் 2 விருதுகளும் பெற்றது. 1968இல் குரௌதரின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். மார்கென்ஸ்டெர்னுக்கு 2005இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

வன்முறையை வேடிக்கையாக்கலாமா என்று குரௌதர் எழுப்பிய கேள்வி அற்பமானதன்று. ஆயினும் மனத்தில் நிற்பது மற்றவரின் துணிவே. கருத்துச் சொல்வது எளிது. பலரறியச் சொன்னதைப் பலரறியத் திருத்திக்கொள்வது அரிது. அதற்கு முதலில் வேண்டுவது, இன்னொரு முறை பார்க்கும் பொறுமை.